அச்சம் அவிசுவாசமா? ஜான் வெஸ்லியின் வாழ்விலிருந்து ஒரு விசாரணை

1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சிம்மண்ட்ஸ்’ கப்பல் ஒரே பயணத்தில் மூன்றாவது பெரும் புயலில் அகப்பட்டிருந்தது. மாலையில், கப்பலிலிருந்த 26 ஜெர்மானியர் வழக்கம்போல ஆராதனைக்குக் கூடினார்கள். தொடக்க சங்கீதத்தைப் பாடிக்கொண்டிருக்கும்போதே கடல் எழும்பி வந்து கப்பலின்மேல் விழுந்தது. பெரிய பாய் துண்டு துண்டாகக் கிழிந்தது. தளங்களுக்கு நடுவே தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். ஜெர்மானியர் பாட்டை நிறுத்தவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் ஜான் வெஸ்லி. வயது 32. ஆக்ஸ்போர்டு லிங்கன் கல்லூரியில் ஆசிரியர். 1728இலேயே குருப்பட்டம் பெற்றவர். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குச் சுவிசேஷம் சொல்லக் கிளம்பியவர். புயல் தணிந்தபின் அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் போய், உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளும்கூடவா என்று வெஸ்லி விடாமல் கேட்டார். அவர்களுக்கும் சாவைப் பற்றிய பயம் கிடையாது என்று சாந்தமாகப் பதில் வந்தது. இரண்டு நாள் முன்னர்தான், சாக மனமில்லாமல் நடுங்கிய தம்மைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இல்லையே, ஏன் என்று வெஸ்லி கடிந்துகொண்டிருந்தார்.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரசங்க மேடைகளில் சொல்லப்படும் கதை இது. அதிலிருந்து எடுக்கப்படும் பாடமும் மாறுவதில்லை: விசுவாசம் உள்ளவன் பயப்படமாட்டான், பயப்படுகிறவனிடம் விசுவாசம் இல்லை. வெஸ்லியும் அன்று அப்படித்தான் எண்ணினார். ஆனால் அந்த முடிவை அவர் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார் என்பதும், அதற்கு அவருக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன என்பதும் மேடைக்கு வருவதில்லை. அந்த நாற்பது ஆண்டுகள்தான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சான்றாதாரம் பற்றி ஒரு வார்த்தை. வெஸ்லி இரண்டு வகைக் குறிப்புகள் வைத்திருந்தார். ஒன்று, சுருக்கெழுத்தும் இரகசியக் குறிகளும் கலந்த சொந்த நாட்குறிப்பு. மற்றது, அதிலிருந்து எடுத்து விரித்து, ஊரறிய அச்சிட்ட ‘ஜர்னல்’. கப்பல் பயணத்தையும் ஜார்ஜியா வாழ்க்கையையும் சொல்லும் முதல் பகுதி 1740இல்தான் வெளியாயிற்று. அதற்குள் அவருக்கு ஒரு பெரிய ஆன்மிக அனுபவம் வாய்த்திருந்தது. அதற்கு முந்திய தம் வாழ்க்கை முழுவதும் வெறுமை என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். ஆகவே புயல் காட்சியில் நாம் பார்க்கும் நடுங்கும் குருவானவர், பின்னாளைய வெஸ்லி வரைந்து காட்டும் முன்னாளைய வெஸ்லி. நிகழ்ச்சியைச் சந்தேகிக்க இடமில்லை. அதன்மேல் அவர் வைத்த தீர்ப்பைச் சந்தேகிக்கலாம். பிற்காலத்தில் அவரே சந்தேகித்தார்.

வெஸ்லியின் அச்சத்துக்கு வேர் தேடுகிறவர்கள் 1709 பிப்ரவரி 9 இரவுக்குப் போவார்கள். லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்னும் ஊர். அவருடைய தந்தை அங்கே பங்குக்குரு. அன்றிரவு குருமனை தீப்பிடித்தது. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் சிக்கிக்கொண்டான். சன்னலோரம் இருந்த பெட்டியின்மேல் ஏறி நின்றான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று பிள்ளையைப் பிடித்து இறக்கினார்கள். அடுத்த கணம் கூரை உள்ளே சரிந்தது. பிற்கால அச்சம் முழுவதையும் இந்த நெருப்பில் தேடுவது எளிது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்த நெருப்பைவிட அந்த வீட்டின் ஒழுங்குதான் அவரை அதிகம் உருவாக்கியது என்று தோன்றுகிறது.

அந்த ஒழுங்கில் தரங்கம்பாடிக்கும் ஒரு பங்கு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ ஆகியோரின் கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709 முதல் லண்டனில் நூலாக வந்தன. அந்நூல் எப்வொர்த் குருமனைக்கும் போய்ச் சேர்ந்தது. 1712 தொடக்கத்தில், கணவர் லண்டனில் இருந்த நாட்களில், அதைப் படித்த சுசன்னா வெஸ்லி பல நாள் வேறு நினைவில்லாமல் இருந்ததாகக் கணவருக்கு எழுதினார். தரங்கம்பாடிக்குப் போக முடியாத பெண் தன் வீட்டிலாவது ஏதாவது செய்யலாமே என்று முடிவெடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒரு மாலை தனியே அமர்ந்து அவர்களுடைய மனநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஜானுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை. இருபது ஆண்டு கழித்து, ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த மகன், அந்த வியாழன் மாலைபோலத் தமக்காகச் சிறிது நேரம் ஒதுக்கும்படி தாயிடம் கடிதத்தில் கேட்டார். ஒருவர் மனத்தை ஒருவர் வாராவாரம் கேட்டறியும் பழக்கம் பிற்காலத்தில் ஜான் தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தின் உயிர்நாடியாயிற்று. அதன் விதைகளுள் ஒன்று நம் கடற்கரையிலிருந்து எழுதப்பட்ட கடிதங்கள்.

அதே வீட்டில் வேறொன்றையும் ஜான் கற்றுக்கொண்டார். தம்மைத் தாமே ஓயாமல் சோதிக்கும் பழக்கம். ஆக்ஸ்போர்டில் அது முற்றியது. தம்பி சார்லஸ் தொடங்கி ஜான் தலைமையேற்ற சிறு குழுவினர் நேரத்தைக் கணக்கிட்டு வாழ்ந்தார்கள். உபவாசமிருந்தார்கள், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் தம் உள்ளத்தை அளந்துகொண்டிருப்பவருக்கு ஒரு சின்ன நடுக்கமும் பெரிய குற்றச்சாட்டாகத் தெரியும். கப்பலில் நடந்தது அதுதான். புயலில் எல்லாருக்கும் வருகிற பயம் வெஸ்லிக்கும் வந்தது. மற்றவர்கள் புயலுக்கு மட்டும் பயந்தார்கள். வெஸ்லி தாம் பயந்ததற்காகவும் பயந்தார்.

சரி, அந்த ஜெர்மானியருக்கு எங்கிருந்து வந்தது அந்த அமைதி? வெஸ்லி பார்த்தது ஒரு மாலைக் காட்சியை. அதற்குப் பின்னால் முந்நூறு ஆண்டுக் கதை இருந்தது. அவர்கள் மொரேவியர். 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸின் வழிவந்தவர்கள். 1457 முதல் தனிச் சபையாக இருந்தவர்கள். போர்களிலும் துரத்தல்களிலும் ஏறக்குறைய அழிந்தவர்கள். எஞ்சிய சிலர் 1722இல் மொரேவியாவிலிருந்து எல்லை தாண்டி, சாக்சனியில் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்னும் குடியிருப்பை அமைத்தார்கள். முதல் மரத்தை வெட்டியவர் கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர். (சின்சென்டார்பும் தரங்கம்பாடிக்குத் தூரத்து உறவுதான். ஹாலே நகரில் அவர் பள்ளி மாணவராக இருந்த நாட்களில்தான், 1715இல், சீகன்பால்கு அங்கே வந்திருந்தார்.)

வீட்டையும் ஊரையும் ஒருமுறை இழந்தவர்களுக்கு, இழப்பைப் பற்றிய பயத்தில் பாதி கரைந்துபோயிருக்கும். மீதிப் பாதிக்கு அவர்களிடம் பயிற்சி இருந்தது. ஹெர்ன்ஹூட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேத வசனம் வீடு வீடாகச் சொல்லப்பட்டது; 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாகவே அச்சாகிறது, இன்றுவரை நின்றதில்லை. பல பாடல்களின் அடிகளை நினைவிலிருந்தே கோத்து ஒரு மணி நேரம் பாடும் கூட்டங்கள் நடந்தன. பாட்டுப் புத்தகம் தண்ணீரில் போனாலும் பாட்டு போகாது. சிறு சிறு குழுக்களாகக் கூடி மனத்திலிருப்பதைப் பேசினார்கள். சாவை வீட்டுக்குத் திரும்புவதாகவே பேசினார்கள். கப்பலில் அவர்களுடைய தலைவராக இருந்த டேவிட் நிட்ச்மன் 1732இலேயே கரிபியன் தீவான செயின்ட் தாமஸுக்கு அடிமைகளிடையே ஊழியம் செய்யப் போன முதல் இருவரில் ஒருவர். அந்தப் பக்கத்துத் தீவுகளில் காய்ச்சலால் மொரேவியர் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்தது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல.

ஆக, அந்த மாலையில் வெஸ்லி கண்ட அமைதி தனி மனிதர்களின் நெஞ்சுரம் அன்று. அது ஒரு கூட்டத்தின் பழக்கம். புயலடித்த நேரத்தில் அவர்கள் வீரம் எதையும் காட்டவில்லை. அந்த நேரத்தில் அன்றாடம் செய்வதைச் செய்தார்கள். வெஸ்லி இதைக் கவனித்தே இருந்தார். மற்றப் பயணிகள் செய்ய மறுத்த இழிவான வேலைகளை அவர்கள் கூலி வாங்காமல் செய்ததையும், தள்ளப்பட்டபோதும் அடிபட்டபோதும் முணுமுணுக்காததையும் புயலுக்கு முன்பே குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அன்று அவர் போட்ட கணக்கு வேறு. இவர்களிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, என்னிடம் அது இல்லை என்று முடிவுகட்டினார்.

ஜார்ஜியாவை வேகமாகக் கடந்துவிடலாம். பூர்வகுடிகளிடையே ஊழியம் நடக்கவில்லை. சவானாவில் சோபி ஹாப்கி என்ற இளம்பெண்மேல் கொண்ட அன்பைத் தீர்மானிக்க முடியாமல் தவித்தார். அவள் வேறொருவரை மணந்தாள். சில மாதங்கள் கழித்து அவளுக்கு அவர் திருவிருந்தை மறுத்தார். அவள் உறவினர் ஊரின் தலைமை நீதிபதி. வழக்கு வந்தது. 1737 டிசம்பர் 2 இரவு வெஸ்லி ஊரைவிட்டு வெளியேறினார்.

திரும்பும் கப்பலில் அவர் எழுதிய ஒரு குறிப்பு, புயல் காட்சியைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிசம்பர் 28. காற்று மெல்லிது, கடல் வழுவழுப்பாகக் கிடந்தது. ஆனாலும் இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஆபத்து வரப்போகிறது என்ற கலக்கம் பல நாட்களாக அவரை அழுத்திக்கொண்டிருந்தது. அன்று அது கூடியது. பெயரில்லாத, காரணமில்லாத கலக்கம். இரவில் விழித்துக் கிடந்து அதை அனுபவித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அடுத்த சில வாரங்களில் எழுதிய குறிப்புகளில், பிறரை மனந்திருப்பப் போன தாம் இன்னும் மனந்திரும்பாதவர் என்று தம்மேல் தீர்ப்பெழுதினார். ஆபத்தில்லாத வேளையில் மட்டும் செல்லுபடியாகும் விசுவாசம் தம்முடையது என்றார்.

லண்டனில் 1738 பிப்ரவரியில் பீட்டர் போலர் என்ற இளம் மொரேவியரைச் சந்தித்தார். போலருக்கு வயது 25, வெஸ்லிக்கு 34. விசுவாசமே இல்லாத நான் எப்படிப் பிரசங்கிப்பது, நிறுத்திவிடட்டுமா என்று மூத்தவர் இளையவரிடம் கேட்டார். நிறுத்தாதே, விசுவாசம் கிடைக்கும்வரை அதைப் பிரசங்கம் பண்ணு. கிடைத்தபின் அது இருப்பதால் பிரசங்கிப்பாய் என்பது போலரின் யோசனை. கேட்பவருக்கு இது போலித்தனமாகத் தோன்றலாம். ஆனால் நடைமுறை ஞானம் இதில் உண்டு: உள்ளம் ஒழுங்காகட்டும், அப்புறம் கடமையைப் பார்க்கலாம் என்று காத்திருப்பவனுக்கு உள்ளம் ஒருநாளும் ஒழுங்காவதில்லை. மறுநாளே வெஸ்லி அந்தச் செய்தியைச் சொன்ன முதல் ஆள், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதி.

1738 மே 24 மாலை, மனமில்லாமல்தான், ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார். லூத்தரும் அச்சத்தின் வழியே வந்தவர்தான். 1505இல் சாலையில் பக்கத்தில் இடி விழ, அந்தப் பயத்தில் துறவியாவதாக நேர்ந்துகொண்டவர். எட்டே முக்கால் மணி வாக்கில் தம் உள்ளத்தில் ஓர் இதமான வெம்மை பரவியதை வெஸ்லி உணர்ந்தார். கிறிஸ்து தம் பாவங்களையே, தம்முடையவற்றையே, நீக்கினார் என்ற நிச்சயம் வந்தது. உலகமெங்கும் மெதடிஸ்டுகள் ஆண்டுதோறும் நினைவுகூரும் மாலை இது.

நினைவுகூரும்போது பெரும்பாலும் அந்தப் பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். வெஸ்லி நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்துக்குள்ளேயே உள்ளே ஒரு குரல், இது விசுவாசமாக இருக்க முடியாது, மகிழ்ச்சி எங்கே என்று கேட்டதாக எழுதுகிறார். வீட்டுக்குத் திரும்பியபின் சோதனைகள் மோதின. விரட்டினால் ஓடின, மீண்டும் வந்தன. முன்பு பல வேளைகளில் தோற்றேன், இப்போது ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறேன் என்பதுதான் அவர் கண்ட வித்தியாசம். பயம் போய்விட்டது என்று அவர் எழுதவில்லை. 1739 ஜனவரி 4ஆம் தேதிக் குறிப்பில், தாம் இன்னும் கிறிஸ்தவனே அல்ல என்று மறுபடி எழுதினார்.

அந்த இடைவெளியில் அவர் ஜெர்மனிக்குப் போயிருந்தார். மரியன்போர்ன் என்னும் இடத்தில் மொரேவியர் அவருடன் வந்த இங்காமுக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டு, வெஸ்லியை மட்டும் மன அமைதி குலைந்தவர் என்று சொல்லி விலக்கிவைத்ததாக மொரேவியர் தரப்பு நூலொன்று சொல்கிறது. சவானாவில் பிறருக்கு மறுத்தவருக்கு இங்கே மறுக்கப்பட்டது! வெஸ்லியின் ஜர்னலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் ஆகஸ்டில் ஹெர்ன்ஹூட்டில், முதல் மரம் வெட்டிய அதே கிறிஸ்டியன் டேவிட் பேசியதைப் பக்கம் பக்கமாகக் குறித்துவைத்தார். இயேசு இறந்ததிலிருந்து பெந்தெகொஸ்தே நாள்வரை அப்போஸ்தலர் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது தச்சரின் பொருள்களில் ஒன்று. அவர்களிடம் விசுவாசம் இருந்தது. உறுதி இன்னும் வரவில்லை. யூதருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள்தாம் அவர்கள் என்பது வேதம் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். பூட்டிய கதவுக்குள் இருந்தவர்களை அவிசுவாசிகள் என்று யாரும் சொல்வதில்லை. விசுவாசமும் பயமும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் வெஸ்லிக்கு முதன்முதலாகத் தெளிவாக அங்கேதான் கிடைத்தது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் காலம் பிடித்தது.

மொரேவியரோடு அவர் உறவு நீடிக்கவில்லை. லண்டன் பெட்டர் லேன் சங்கத்தில் மோல்தர் என்பவர் வேறொன்றைப் போதித்தார்: முழு நிச்சயம் வராதவர்கள் ஜெபம், திருவிருந்து, வேத வாசிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும், அமைதி தானாக வரும். வெஸ்லி இதை வன்மையாக எதிர்த்து, 1740 ஜூலையில் தம் ஆட்களோடு வெளியேறினார். அவர் செய்தது சரி என்பது என் கருத்து. கலங்கியவனிடமிருந்து பிடிமானங்களையெல்லாம் பறித்துவிட்டு, அமைதி வரட்டும் என்று தனியே உட்காரவைப்பது கொடுமை. மொரேவியரிடம் கற்ற சிறு குழுக்களை மட்டும் அவர் விடவில்லை. 1742இல் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்க ஒரு வழி தேடினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரவேண்டும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வசூலுக்குப் போனவர்கள் மக்களின் நிலைமையை நேரில் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லி சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார். மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் இப்படிக் கடன் வசூலில் பிறந்தது. சுரங்கத் தொழிலாளியும் தையற்காரியும் வாரத்தில் ஒருமுறை தம் மனக்கலக்கத்தை வாய்விட்டுச் சொல்லவும், கேட்க ஆள் இருக்கவும் அது வழிசெய்தது.

அடுத்த ஆண்டு அவருடைய சொந்த அச்சத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 1743 அக்டோபர் 20, வென்ஸ்பரி என்னும் ஊர். வீட்டைச் சூழ்ந்த கும்பல் வெஸ்லியை வெளியே இழுத்து, மழையில், இருட்டில், ஒரு நீதிபதி வீட்டிலிருந்து இன்னொரு நீதிபதி வீட்டுக்கு நடத்திச் சென்றது. நீதிபதிகள் தூங்கப் போய்விட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். வால்சாலிலிருந்து வந்த இரண்டாவது கும்பல் அவரைப் பிடுங்கிக்கொண்டது. பின்னாலிருந்து ஒருவன் கனத்த தடியால் திரும்பத் திரும்ப ஓங்கினான்; ஒவ்வொரு அடியும் விலகிப் போயிற்று. கையை ஓங்கிப் பாய்ந்து வந்த இன்னொருவன் கையைத் தாழ்த்தி அவர் தலையைத் தடவி, என்ன மென்மையான முடி என்றான். கடைசியில் கும்பலின் தலைவர்களே அவரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சட்டையின் ஒரு மடிப்பும் கையில் கொஞ்சம் தோலும்தான் நஷ்டம்.

அந்த நேரமெல்லாம் தம் படிப்பறையில் இருப்பதுபோல் நிதானமாக இருந்ததாக வெஸ்லி எழுதுகிறார். ஒரே ஒருமுறை ஒரு கவலை வந்ததாம்: ஆற்றில் தூக்கிப் போட்டால் பையிலிருக்கும் காகிதங்கள் நனைந்துவிடுமே! தம்மைப் பற்றிக் கவலையில்லை. அங்கி மெல்லியது, காலணி இலேசு, நீந்திக் கரையேறிவிடலாம். ஏழு ஆண்டுக்கு முன் கப்பலில் நடுங்கிய மனிதர்தான் இவர். விசுவாசத்தின் வெற்றி என்று இதைச் சொல்லலாம், அவரும் அப்படித்தான் சொன்னார். நீச்சல் தெரிந்ததும் உதவியிருக்கும். அதைவிட, அதற்குள் அவர் தம் உள்ளத்தை அளப்பதைக் குறைத்துக்கொண்டு பிறர் வேலையில் மூழ்கியிருந்தார். 1739 ஏப்ரலில் பிரிஸ்டல் வெளியில் திறந்த வெளிப் பிரசங்கம் தொடங்கியதிலிருந்து அவருக்குத் தம்மைப் பற்றி எழுத நேரம் குறைந்துகொண்டே வருவதை ஜர்னலில் காணலாம்.

இங்கே முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் 1766 ஜூன் 27 வருகிறது. வயது 63 ஆக ஒரு நாளே இருந்தது, ஆயிரக்கணக்கானோர் அவர் பிரசங்கத்தால் தேறியிருந்தார்கள். அன்று சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில், மற்றவர் படித்துவிடாதபடி சில பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதினார். தாம் கடவுளை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை என்கிறார். தமக்குள் அச்சம் ஏதாவது இருக்குமானால் அது நரகத்தில் விழும் அச்சமில்லை, ஒன்றுமில்லாமற்போகும் அச்சம் என்கிறார். அதே கடிதத்தில், வேலையை மட்டும் விட முடியவில்லை, ஏதோ ஒன்று தம்மை ஏந்திக்கொண்டு போகிறது என்கிறார், தம்பியையும் முடுக்குகிறார். இந்தக் கடிதத்தைக் கண்டு சங்கடப்பட்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு; ஒரு நாள் சோர்வு என்று தள்ளியவர்களும் உண்டு. அவர் சாவுப் படுக்கையில் சொன்ன நல்வார்த்தைகளை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதைவிட இந்தக் கடிதம்தான் அச்சத்தோடு வாழ்கிற ஒரு விசுவாசிக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றிய நாளிலும் குதிரையேறி அடுத்த ஊருக்குப் போனவர் அவர்.

இத்தனை அனுபவத்தையும் அவர் இறையியலாக எப்படி மாற்றினார்? 1746இல் வெளியிட்ட ஒரு பிரசங்கத்தில், ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்லும் அடிமைத்தனத்தின் ஆவியையும் புத்திரசுவிகாரத்தின் ஆவியையும் எடுத்துக்கொண்டு மனித நிலைகளை மூன்றாகப் பிரித்தார்: பயமும் அன்பும் அற்ற உறக்கம், பயம் மட்டும் உள்ள விழிப்பு, அன்பின் சுதந்தரம். இந்தக் கணக்கில் பயமில்லாமை பெருமைப்படத்தக்கதாக இல்லை. உறங்குகிறவனுக்கும் பயம் கிடையாது. 1755இல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய குறிப்புகளில், யோவானின் முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தில் வரும், பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்ற கருத்துக்கு விளக்கம் சொல்லும்போது ஒரு படி கூட்டினார். பயமும் அன்பும் சேர்ந்தே இருக்கிற நிலை ஒன்று உண்டு. கிறிஸ்துவுக்குள் குழந்தையாக இருப்பவரின் நிலை அது. பயமற்ற அன்பு முதிர்ந்தவருக்கு உரியது. கப்பலில் நடுங்கிய குருவானவருக்கு 1736இல் மறுக்கப்பட்ட இடம் இந்தக் குறிப்பில் கிடைத்துவிட்டது.

1760இல் அச்சான இன்னொரு பிரசங்கம் இன்னும் தெளிவு. சோதனைகளால் வரும் மனப்பாரத்தைப் பற்றியது. பாவத்தால் வரும் இருள் வேறு, துயரத்தால் வரும் பாரம் வேறு என்று அதில் வெட்டிப் பிரிக்கிறார். நோய், நரம்புத் தளர்ச்சி, வறுமை, நெருங்கியவர்களின் சாவு ஆகியவை விசுவாசியையும் அழுத்தும். விசுவாசம் இயற்கையின் போக்கை மாற்றிவிடாது. காய்ச்சலில் நாடி வேகமாக அடிப்பதை விசுவாசம் தடுக்குமா? அதுபோலத்தான் நரம்பு நோயில் மனம் தளர்வதும் என்கிறார். இதை எழுதியவர் ஏழைகளுக்காக லண்டனில் மருந்தகம் நடத்தியவர், 1747இல் வீட்டு வைத்திய நூல் வெளியிட்டவர் என்பதை மறக்கக் கூடாது. மனக்கலக்கத்தில் உடலுக்கும் பங்கு உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக, 1770களின் நடுவில், பழைய ஜர்னலை மறுபதிப்புக்காகப் புரட்டியபோது, 1738 ஜனவரியில் தம்மேல் எழுதிய அந்தக் கடுந்தீர்ப்புக்கு வந்தார். அதை அடிக்கவில்லை. அடியில் சிறு குறிப்புகள் சேர்த்தார். நான் மனந்திரும்பாதவன் என்று எழுதியிருக்கிறேனே, இது எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை என்றது ஒன்று. அப்போதும் எனக்கு விசுவாசம் இருந்தது, மகனுடையது இல்லாவிட்டாலும் வேலைக்காரனுடையது என்றது இன்னொன்று.

வெஸ்லியின் வழிவந்த மிஷனெரிகள் 1814இல் இலங்கைக்கும், 1817இல் சென்னைக்கும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் படித்ததும் பணியாற்றியதும் அவர்களுடைய பள்ளியில்தான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றுசேர்ந்த சபைகளில் மெதடிஸ்டுகளும் உண்டு. ஆக, இந்தப் பிரசங்கங்கள் நமக்கு அந்நியமில்லை; நம் ஆலயங்கள் பலவற்றின் பூர்வீகச் சொத்து. இருந்தும் அறுவைச் சிகிச்சைக்கு முந்திய இரவில் நடுங்குகிற பெண்ணிடமும், வேலை போய்த் தூக்கமிழந்த இளைஞரிடமும், உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. அதற்குச் சிம்மண்ட்ஸ் கப்பலைச் சாட்சிக்கு இழுப்பவர்களும் உண்டு. போதகர்களிடம் என் வேண்டுகோள் இது: கப்பல் கதையைச் சொல்லுங்கள், கூடவே வெஸ்லி பிற்பாடு எழுதிய அடிக்குறிப்பையும் சொல்லுங்கள். பயந்து வந்தவரிடம் விசுவாசத்தைப் பற்றி விசாரிக்கும் முன், இந்த வாரம் அவரோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தூக்கமின்மையும் படபடப்பும் நீடித்தால் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.